ஈராசிரியர் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி ஈராசிரியர் பள்ளிகளில் கழிந்தது. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், நாற்பதுக்குள் பிள்ளைகள். ஒவ்வொரு மே மாதமும் பெற்றோர் பள்ளி வாசலில் நின்று கேட்ட கேள்விகள் அத்தனை ஆண்டுகளில் பெரிதாக மாறவே இல்லை. அப்போது சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவசரத்தில் சொன்ன பதில்களை இப்போது நிதானமாகச் சொல்கிறேன். இது பள்ளிக்கு விளம்பரம் அல்ல. எந்த நிலையில் யோசிக்க வேண்டும் என்பதையும் உரிய இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

ஒரே அறையில் மூன்று வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கு எந்தப் பாடம் நடக்கிறது?

பெரும்பாலான ஈராசிரியர் பள்ளிகளில் 1, 2, 3 வகுப்புகள் ஒருவர் பொறுப்பிலும் 4, 5 வகுப்புகள் இன்னொருவர் பொறுப்பிலும் இருக்கும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவருக்கு அது சந்தைக்கடை மாதிரித்தான் தெரியும். ஒரு மூலையில் நான்கு பேர் புளியங்கொட்டையைக் கூறு வைத்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் ஒருத்தி சத்தம் போட்டு வாசிப்பாள். சுவரோரம் இரண்டு பேர் கரும்பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருப்பார்கள். ஆசிரியர் தரையில் உட்கார்ந்து யாரோ ஐந்து பேருடன் பேசிக்கொண்டிருப்பார். நாற்காலி காலியாக இருக்கும். நாற்காலி காலியாக இருப்பது நல்ல அறிகுறி.

உதாரணமாக, மழையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பேச்சு எல்லோருக்கும் பொது. வேலைதான் வேறு வேறு. ஒன்றாம் வகுப்பு மழையை வரைந்து 'ம' எங்கே வருகிறது என்று வட்டமிடும். இரண்டாம் வகுப்பு மழையில் நனைந்த பொருள்களின் பெயர்களை எழுதும். மூன்றாம் வகுப்பு நேற்று ஓடையில் தண்ணீர் வந்த கதையை நான்கு வரி எழுதும். இந்த ஏற்பாடு முன்தினம் மாலையே ஆசிரியர் மனத்தில் தயாராகியிருக்க வேண்டும். தயாராக இல்லாத நாளில் நீங்கள் ஜன்னலில் பார்த்தது உண்மையிலேயே சந்தைக்கடைதான். அப்படிப்பட்ட நாள்கள் எனக்கும் உண்டு.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பாடப்புத்தகத்துக்குப் பதில் அட்டைகள், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும் ஏணிப்படி, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தது. இதன் வேர் ஆந்திரத்தில் ரிஷிவேலி சுற்றுவட்டாரத்துச் சிறு கிராமப் பள்ளிகளில் இருக்கிறது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சமாளிக்க அங்கே உருவாக்கிய வழி அது. ஆக, கிராமத்திலிருந்து நகரம் கற்றுக்கொண்டதைக் கிராமத்து ஆசிரியர்களுக்குப் புதிய பயிற்சி என்று திருப்பிக் கொடுத்தார்கள். பயிற்சி வகுப்பில் நாங்கள் சிரித்துக்கொண்டோம். ஆனாலும் அந்த அட்டைகள் எங்களுக்கு உதவின. அவை கிழிந்தும் தொலைந்தும் போனபோதுதான் சிரமம்.

கொரோனா விடுமுறைக்குப் பின் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு நடந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் பிரித்து, எந்த வகுப்பு என்பதைவிட எந்த நிலை என்று பார்ப்பது இதன் சாரம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்தில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் இருக்கலாம். ஒரே வகுப்புக்கு ஒரே பாடம் என்று நடத்திய காலத்தில் அந்தப் பிள்ளையை 'மக்கு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். அந்த வகையில் இது நல்லது. மதிப்பீடுகளைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றும் வேலைதான் பாட நேரத்தைத் தின்கிறது. அதிலும் ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டே ஆசிரியர் என்பது விதிப்படி சரியா? மூன்றாவது ஆசிரியரைக் கேட்க முடியாதா?

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. எண்ணிக்கை 60ஐத் தாண்டினால் கேட்பது உங்கள் உரிமை. 38 பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்றாவது ஆசிரியரைக் கேட்டால் கிடைக்காது. அந்த நேரத்தை இருக்கிற இரண்டு பேரும் தினமும் வருகிறார்களா என்று பார்ப்பதில் செலவிடலாம்.

அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். என் மகளின் படிப்பு கெட்டுப்போகாதா?

கெடலாம், கெடாமலும் இருக்கலாம். எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குக் கடன் வாங்கிக் கழித்தல் எவ்வளவு சொன்னாலும் பிடிபடவில்லை. 42இல் 17 கழித்தால் 35 என்பாள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்துவிடுவது அவள் வழக்கம். மூன்றாம் வகுப்புத் தம்பி ஒருவனுக்குச் சொல்லிக்கொடு என்று குச்சிக்கட்டுகளைக் கொடுத்து உட்காரவைத்தேன். அவன் விடாமல் "ஏன் அக்கா?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியாமல் அவள் கட்டைப் பிரித்துப் பத்துக் குச்சிகளைக் கீழே கொட்டினாள். கொட்டிய பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பின் அவளுக்கு அந்தக் கணக்கில் தவறு வரவில்லை. நான் மூன்று மாதம் செய்ய முடியாததை அந்தப் பையனின் நச்சரிப்பு ஒரு மணி நேரத்தில் செய்துவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நன்றாகப் படிக்கும் ஒரே பிள்ளையை ஆண்டு முழுவதும் 'குட்டி டீச்சர்' ஆக்கிவிடுவது. ஆசிரியர் பதிவேடு எழுத, அவள் வாய்ப்பாடு சொல்லவைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கர்வமும் வரும், படிப்பும் நிற்கும். வகுப்பில் வாரம் ஒருமுறையாவது இந்தப் பொறுப்பு கை மாறுகிறதா, பின்தங்கிய பிள்ளைக்கும் கிடைக்கிறதா என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். மாறவில்லை என்றால் ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்லலாம். அவர் கோபித்துக்கொண்டாலும் மறுநாள் மாற்றிவிடுவார். ஊரே பார்க்கிற பள்ளி அல்லவா.

ஒரு ஆசிரியர் விடுப்பில் போனால் என்ன ஆகும்?

சிறிய பள்ளியின் மிகப் பெரிய பலவீனம் இதுதான். பத்து ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஒருவர் வராவிட்டால் பத்தில் ஒரு பங்கு குறையும். இங்கே பாதிப் பள்ளி போய்விடும். ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழும் நாளில் பாடம் பின்னுக்குப் போய், பிள்ளைகளைப் பத்திரமாக வைத்திருப்பதே வேலையாகிவிடும்.

விடுப்பு மட்டும் காரணம் அல்ல. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம், பயிற்சி, வாக்காளர் பட்டியல் வேலை, தேர்தல் பணி என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். கல்வி அல்லாத வேலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விலக்கு உண்டு. தேர்தல் என்ற சொல்லுக்குள் எவ்வளவு அடங்கும் என்பது வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள், இரண்டு நாள் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பணியிடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்து, மாற்றுப்பணியில்கூட யாரும் வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417இலும் சொல்லலாம். இவை எல்லாம் செய்தும் ஓராண்டு ஒரே ஆசிரியருடன் ஓடுகிறது என்றால், பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றி நீங்கள் யோசிப்பதில் தவறில்லை. இதை நான் பணியில் இருந்தபோதே சொல்லியிருக்கிறேன், அதற்காக வசவும் வாங்கியிருக்கிறேன்.

சேர்க்கைக்கு என்னென்ன வேண்டும்?

ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. ஆதார், சாதிச் சான்றிதழ் பிறகு கொடுக்கலாம். நுழைவுத் தேர்வோ கட்டணமோ கிடையாது. மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கிவிடும். விஜயதசமி அன்று நெல்லில் 'அ' எழுதவைத்துத்தான் சேர்ப்போம் என்று சில பாட்டிகள் பிடிவாதமாக இருப்பார்கள். அவர்களுக்காக அன்றும் பள்ளி திறந்திருக்கும். ஆனால் ஜூனிலிருந்தே பிள்ளையை அனுப்பிவிடுங்கள், நெல்லில் எழுதும் சடங்கை அக்டோபரில் வைத்துக்கொள்ளலாம்.

பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, வண்ணப் பென்சில் எல்லாம் பள்ளியிலேயே விலையில்லாமல் தருவார்கள்.

காலையில் என்ன நடக்கும்? எத்தனை மணிக்கு அனுப்ப வேண்டும்?

காலை உணவு சாப்பிடும் பிள்ளை மணி அடிப்பதற்கு நன்றாக முன்னாலேயே வந்துவிட வேண்டும். பிறகு காலை வணக்கக் கூட்டம்: தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், அன்றைய செய்தி. பெரிய பள்ளியில் இந்தக் கூட்டத்தை ஒலிபெருக்கி முன்னால் வழக்கமாக நான்கைந்து பிள்ளைகள் மட்டும் நடத்துவார்கள். 38 பேர் இருக்கும் பள்ளியில் எல்லோருக்கும் முறை வந்தே தீரும். ஒளிந்துகொள்ள முதுகு இல்லை. வாயே திறக்காத பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் இருபது முறையாவது முன்னால் நின்று பேசியிருக்கும். எங்கள் பள்ளியில் செய்தி என்றால் நாளிதழ்ச் செய்தி ஒன்று, ஊர்ச் செய்தி ஒன்று. "எங்கள் வீட்டு வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டது" என்பதைக் கொடிமரத்தடியில் நின்று அறிவிக்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். கைதட்டல் நாளிதழ்ச் செய்தியைவிட அதற்குத்தான் அதிகம்.

சாப்பாடு எப்படி இருக்கும்? சமைப்பவர் யார்?

மதியச் சத்துணவு தமிழ்நாட்டுக்கு நீண்ட வழக்கம். 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராஜர் ஆட்சியில் மாநிலம் முழுவதும் பரவி, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. இப்போது வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் 31,008 அரசுப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, காய்கறிச் சாம்பாருடன். முன்பெல்லாம் பதினொரு மணிக்குத் தலைசுற்றுகிறது என்று சுவரில் சாயும் பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அம்மா விடிகாலையில் களையெடுக்கப் போயிருப்பார், வீட்டில் பழையது இருந்தால் உண்டு. காலை உணவு வந்த பிறகு அப்படிச் சாயும் பிள்ளையைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. வேறு எந்தத் திட்டத்தைப் பற்றியும் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மதியச் சத்துணவுக்கு அமைப்பாளரும் சமையலரும் தனி. காலை உணவைச் சமைப்பவர்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவினர். பெரும்பாலும் அதே பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள்.

'யார்' என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது எனக்குத் தெரியும். சமைப்பவர் எந்தச் சாதி என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைச் சாப்பிட அனுப்பாத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். "பிள்ளைக்கு உப்புமா பிடிக்காது" என்பார்கள். ஊர்த்தெருவும் காலனியும் ஒரே பந்தியில் உட்காரும் ஒரே இடமாகத் தொடக்கப் பள்ளி இருக்கும் கிராமங்கள் இன்றும் இருக்கின்றன. இதில் ஆசிரியர் செய்யக்கூடியது பேச்சைவிடச் செயல்தான். நான் பிள்ளைகளுடன் தரையில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டேன். பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதைப் பிள்ளைகளின் பெயரைச் சீட்டுக் குலுக்கிப் பார்த்து முடிவு செய்தோம். உப்புமா பிடிக்காத அந்தப் பிள்ளை மூன்றாவது வாரம் பக்கத்துத் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டான். வீட்டில் அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு பிள்ளையை மட்டும் தண்ணீர் எடுக்கவோ கழிப்பறை கழுவவோ அனுப்புவது, தனியாக உட்காரவைப்பது, தட்டைப் பிரித்துவைப்பது ஆகியவை நடந்தால் அது சகித்துக்கொள்ளும் விஷயம் அல்ல. சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098இல் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம்.

ஆசிரியர் அடித்தால்?

அடிக்கக் கூடாது. உடலுக்கும் மனத்துக்கும் தண்டனை தருவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. "நாலு சாத்து சாத்துங்க சார், கண்ணை மட்டும் விட்டுடுங்க" என்று நீங்களே வந்து சொல்வதும் வேண்டாம். அதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது.

ஆங்கிலம் வராதே?

இந்தக் கேள்விதான் பிள்ளைகளைத் தனியார் பள்ளியின் மஞ்சள் வேனில் ஏற்றி இருபது கிலோமீட்டர் அனுப்புகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் 2012-13ஆம் கல்வியாண்டிலிருந்து ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. ஈராசிரியர் பள்ளியில் அதன் பொருள் என்ன என்று நேர்மையாகச் சொன்னால், அதே ஆசிரியர், அதே அறை, புத்தகம் மட்டும் வேறு.

தாய்மொழியில் தடையில்லாமல் வாசிக்கும் பிள்ளைக்கு இரண்டாவது மொழி சீக்கிரம் வருகிறது என்பது என் அனுபவம். தமிழே தடுமாறும் பிள்ளைக்கு இரண்டும் தடுமாற்றம்தான். ஆகவே மூன்றாம் வகுப்பு முடியும்போது தமிழ்க் கதைப்புத்தகம் ஒன்றைத் தானாக எடுத்து வாசிக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு சிறு கதைப்புத்தகங்கள் வந்திருக்கின்றன. பீரோவுக்குள் பூட்டிவைக்காமல் கயிற்றில் தொங்கவிட்டிருக்கும் பள்ளி நல்ல பள்ளி. கிழிந்த புத்தகத்துக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் பூட்டிவைக்கும் தலைமையாசிரியர்கள் உண்டு. புத்தகங்கள் புத்தம் புதிதாகவே இருக்கும், வாசிக்க ஆள் இருக்காது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேளுங்கள். "இன்றைக்கு என்ன கதை சொன்னார்கள், எனக்குச் சொல்லு" என்று அடுப்படியில் இருந்தபடியே கேட்டால் போதும். பிள்ளை சொல்லும்போது "அப்புறம்?" என்று ஒரு சொல் போடுங்கள். பஸ் பலகையை வாசிக்கச் சொல்லுங்கள், ரேஷன் கடை ரசீதில் எத்தனை கிலோ போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், பால் கணக்கை அவன் கையால் எழுதவிடுங்கள். உங்களுக்குத் தேவைப்படுகிற படிப்பு என்று தெரிந்தால் பிள்ளைக்கு அதில் ஒரு மிடுக்கு வந்துவிடும்.

உங்களிடம் இருப்பதைப் பள்ளிக்கும் தாருங்கள். விடுகதை, தாலாட்டு, நடவுப் பாட்டு, எந்தச் செடி எதற்கு மருந்து, எந்த மேகம் மழை தரும், எது ஏமாற்றும் என்பவை எந்தப் பயிற்சி மையத்திலும் கிடைக்காது. வெள்ளிக்கிழமை மதியம் ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துப் பேசவைப்பது எங்கள் வழக்கமாக இருந்தது. கிணறு வெட்டும் வேலை செய்த தாத்தா ஒருவர் வந்தார். எத்தனை அடியில் என்ன மண் வரும் என்று சுண்ணாம்புக்கட்டியால் கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டார். அவர் பள்ளிக்கூடப் படி ஏறியது அன்றுதான் முதல்முறை என்று பிறகு தெரிந்தது. போகும்போது சுண்ணாம்புக்கட்டியை மேஜைமேல் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் கேட்கவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழு என்றால் கையெழுத்துப் போடுவது மட்டும்தானா?

பல ஊர்களில் அப்படித்தான் நடந்தது. தீர்மானப் புத்தகம் வீடு தேடி வரும். நூறு நாள் வேலைக்குப் போகிற அவசரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ விழும். 2022இல் மாநிலம் முழுவதும் குழுக்களைப் பெற்றோர் கூட்டத்தில் புதிதாகத் தேர்ந்தெடுத்த பிறகு நிலை ஓரளவு மாறியது.

சட்டப்படி உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது, ஆசிரியர் வருகையைக் கவனிப்பது, இடைநின்ற பிள்ளையைத் திரும்ப அழைத்து வருவது எல்லாம் அதன் வேலை. பணக் கணக்கைக் கேட்டால் தலைமையாசிரியர் கோபிப்பாரோ என்று தயங்க வேண்டாம். கேட்டால்தான் எங்களுக்கும் பாதுகாப்பு. கேட்காத ஊரில்தான் வதந்தி வரும்.

ஒரு பள்ளியில் கழிப்பறை இருந்தது, தண்ணீர் இல்லை. பெண் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். மனு மேல் மனு எழுதினேன், பதிலே வரவில்லை. குழுவில் இருந்த ஓர் அம்மா தீர்மானத்தை ஆகஸ்ட் 15 கிராமசபைக்குக் கொண்டுபோனார். அங்கே எழுந்து, "பிள்ளைகள் தாகத்தை அடக்கிக்கொண்டு படிக்கின்றன, உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் விடுவீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்டார். மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் இழுக்கப் பதினாறு நாள் ஆனது. என் மனுக்களில் இருந்த இலக்கணம் அவர் பேச்சில் இல்லை. ஆனால் எதிரில் ஊர் உட்கார்ந்திருந்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராமசபை கூடும். நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்விச் சீர் என்கிறார்களே, பணம் கட்ட வேண்டுமா?

கட்டாயம் எதுவும் இல்லை. தாய்மாமன் சீர் கொண்டு வருவதுபோல, ஊர்க்காரர்கள் தாம்பாளத்தில் நோட்டு, பென்சில், தண்ணீர்க் குடம், மின்விசிறி, நாற்காலி, பீரோ என்று வைத்து மேளத்துடன் பள்ளிக்கு ஊர்வலமாக வருவதுதான் கல்விச் சீர். இதற்கு முன்மாதிரி பழையது. 1950களின் பிற்பகுதியில், காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் நிலமும் பலகையும் சீருடையும் தந்தார்கள். இப்போதும் பல பள்ளிகளின் சுவரில் அந்தக் காலத்து நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் இருக்கும்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்வது. இரண்டாயிரம் கொடுத்தவர் பெயருக்குப் பின் இருபது ரூபாய் கொடுத்தவர் பெயர் வரும்போது அந்த வீட்டுப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. பொருளை மட்டும் வாசித்தால் போதும்: "ஒரு பீரோ, நான்கு நாற்காலி, இரண்டு துடைப்பம்."

எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. பள்ளியை மூடிவிடுவார்களா?

இந்தப் பயம் நியாயமானது. பிறப்பு குறைந்திருக்கிறது, வேலை தேடி நகரத்துக்குக் குடும்பங்கள் போகின்றன, மஞ்சள் வேன் தெருமுனைவரை வருகிறது. ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிகள் உண்மையிலேயே பூட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றாம் வகுப்பில் இந்த ஆண்டு யாருமே சேரவில்லை என்றால் அடுத்த நான்கு ஆண்டுகளும் அந்தக் குழி ஒவ்வொரு வகுப்பாக நகர்ந்துகொண்டே போகும். ஆகவே ஜூனில் சேர்க்கை ஊர்வலம் போவதைவிட, அங்கன்வாடியில் இருக்கும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஜனவரியிலேயே எடுத்து வீடு வீடாகப் போவது பலன் தரும். நான் போன வீடுகளில் பாதிப் பேர், "யாரும் கேட்கவில்லை சார், வேன்காரர்தான் முதலில் வந்தார்" என்றார்கள்.

எண்ணிக்கை மிகவும் குறைவது பிள்ளைக்கும் நல்லதல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழு பேர் இருந்தால் கபடிக்கு அணி சேராது. தன் வயதில் தோழி யாருமே இல்லாமல் ஐந்தாண்டு படித்த சிறுமியை எனக்குத் தெரியும். நன்றாகத்தான் படித்தாள். ஆனால் இடைவேளையில் சத்துணவு ஆயாவுடன் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள்.

இங்கே படித்துவிட்டு ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போனால் திணறிவிடுவார்களா?

முதல் இரண்டு மாதம் திணறுவார்கள். பாடத்தால் அல்ல, கூட்டத்தால். பாடவேளைக்கு ஓர் ஆசிரியர், மணிக்கு மணி மாறும் முகம், பெயர் தெரியாத அறுநூறு பேர். இதுவரை "பெரிய டீச்சர்" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்த பிள்ளைக்கு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை என்பது அதிர்ச்சி.

சில ஏற்பாடுகள் உதவும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஏப்ரலில் ஒருநாள் அந்தப் பள்ளிக்கு அழைத்துப்போய், கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, பஸ் எங்கே நிற்கும் என்று காட்டிவிட வேண்டும். ஒரே ஊர்ப் பிள்ளைகளை முடிந்தவரை ஒரே பிரிவில் போடச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே அங்கே படிக்கும் ஊர் அண்ணன், அக்காவிடம் ஒப்படையுங்கள். சிறிய பள்ளியில் சின்னவர்களைக் கவனித்துப் பழகியவர்கள், பார்த்துக்கொள்வார்கள்.

ஆறாம் வகுப்பு எங்கே என்று முடிவு செய்யும்போது இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆகியவை ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததைப் பார்க்கின்றன.

மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும்போது பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள், பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். பிள்ளையையும் கூட அழைத்து வாருங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் ஐந்தாண்டுக்கு முன் தன் பெயர் எழுதிய பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். நான் காட்டாமல் அனுப்பியதில்லை.